ஃபேவரிட்டை அடிச்சா போதுமா?

கோயமுத்தூரில் ரேஸ் கோர்ஸ் என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே குதிரையைத் தவிர மற்ற எல்லாமே ஓடும்! காலையில் ஷூ மாட்டிய பெரியவர்கள், மாலையில் ஜோடிகள், நடுவில் கொஞ்சம் நாய்கள். நிஜமான குதிரை ரேஸ் பார்க்க வேண்டுமென்றால் உக்கடத்துக்காரர் டவுன் பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்கிருந்து ஊட்டிக்கு மலை ஏற வேண்டும். ஏப்ரல், மே சீசனில் அப்படிப் போனவர்கள் நிறைய. மலர் கண்காட்சி என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. 2024 ஜூனில் குத்தகை பாக்கிக்காக அந்த மைதானத்தை அரசு எடுத்துக்கொண்டது.

மைதானம் போனாலும் அதோடு வளர்ந்த 'ரூல்ஸ்' போகவில்லை. டீக்கடை பெஞ்சில் ரேஸ் பழகிய ஒருவரிடம், "ஏனுங்ண்ணா, எதுல போட்டா பணம் வருமுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். தயாராக நாலு விதி வரும். ஃபேவரிட்டை அடி. பயமாக இருந்தால் வின்னில் போடாதே, ப்ளேஸில் போடு. தோற்றால் அடுத்த ரேஸில் இரண்டு மடங்கு போடு. கடைசி ரேஸில் பெரிய விலைக் குதிரையைப் பிடி, விட்டதை எல்லாம் எடுத்துவிடலாம். கேட்க எல்லாமே நியாயமாகத்தான் இருக்கிறது. விதியைக் கடைப்பிடித்தால் போட்ட பணத்துக்கு மதிப்பு கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் ஃபேவரிட். உலகம் முழுக்க பல வருடங்களாகத் தெரிந்த விஷயம், ஃபேவரிட் குதிரை ஏறக்குறைய மூன்று ரேஸுக்கு ஒன்று ஜெயிக்கும். இது நல்ல செய்தி போல இருக்கிறதே? சிக்கல் என்னவென்றால் இது உங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. மைதானத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அதனால்தான் அது ஃபேவரிட்! எல்லாரும் அதில் பணம் போடப் போட அதன் விலை இறங்கிவிடும். நல்ல குதிரை வேறு, நல்ல விலை வேறு. தங்கம் நல்ல பொருள்தான், அதற்காக என்ன விலை சொன்னாலும் வாங்குவோமா?

இதோடு வரியைச் சேருங்கள். பந்தயத் தொகை முழுவதன் மீதும் ஜிஎஸ்டி 28 சதவீதம் என்று 2023 அக்டோபரில் தெளிவாக்கினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். அதாவது 100 ரூபாய் பந்தயத்துக்கு 40 ரூபாய் வரி. மூன்று ரேஸில் ஃபேவரிட்டை அடித்தால் கையை விட்டுப் போவது 420 ரூபாய். மூன்றில் ஒன்று ஜெயிக்கும் என்றால் அந்த ஒன்று 420 ரூபாய் திருப்பித் தர வேண்டும், அதுவும் லாபமே இல்லாமல் சமமாவதற்கு. ஃபேவரிட் அவ்வளவு தருவது அபூர்வம். கிளப்பும் புக்கியும் ஒரு பைசா கூட எடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும் 140 ரூபாய் போட்ட கூட்டத்துக்கு மொத்தமாகத் திரும்பி வருவது 100தான். அவர்கள் எடுக்காமல் இருப்பார்களா என்ன!

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பெரிய விலைக் குதிரையை அடிப்பதை விட ஃபேவரிட்டை அடிப்பது மேல். 1949-லேயே அமெரிக்காவில் க்ரிஃபித் என்ற உளவியலாளர் இதைக் கணக்குப் பார்த்து எழுதினார். ஜெயிக்க வாய்ப்பே குறைவான குதிரைகள் மீது ஜனங்கள் அளவுக்கு மீறிப் பணம் கட்டுகிறார்கள், ஃபேவரிட் மீது அதன் தகுதிக்குக் குறைவாகவே கட்டுகிறார்கள் என்று. ஆக, முதல் விதிக்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. ப்ளேஸ் விதியும் இதே ஜாதி, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வரும். இரண்டுமே மெதுவாகத் தோற்கச் சொல்லித் தருகின்றன, அவ்வளவுதான். கடைசி ரேஸ் விதி வேகமாகத் தோற்கச் சொல்லித் தருகிறது.

இரட்டிப்பு விதிதான் ஆபத்தானது. 100, 200, 400 என்று போனால் ஏழாவது ரேஸில் 6,400 கட்ட வேண்டும். ஏழும் போனால் வரி சேர்க்காமலே 12,700 காலி. ஏழும் எங்கே போகப் போகிறது என்பார்கள். மூன்றில் ஒன்று ஜெயிக்கும் ஃபேவரிட் ஏழு முறை தொடர்ந்து தோற்க 17-க்கு ஒன்று வாய்ப்பு இருக்கிறது. ஒரு சீசனுக்குள் வந்துவிடக் கூடிய நாள்தான் அது. தினக்கூலிக்காரருக்கு அந்த ஒரு நாள் போதும்.

"ரேஸ் சூதாட்டம் இல்லீங்க, திறமை. கோர்ட்டே சொல்லிடுச்சு" என்பது இவர்களுடைய கடைசி அஸ்திரம். உண்மைதான். 1974-ல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது, வழக்கு இழுத்து இழுத்து 1996-ல் உச்ச நீதிமன்றம் அது திறமை விளையாட்டு என்று தீர்ப்பு சொன்னது. குதிரையின் வம்சம், ஜாக்கி, எடை, பயிற்சி எல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது திறமைதான், மறுக்க முடியாது. ஆனால் எது முந்தும் என்று கண்டுபிடிக்கும் திறமையைப் பற்றித்தான் அந்த வாதம். கட்டிய பணம் திரும்பி வரும் என்று எந்த நீதிபதியும் உத்தரவாதம் தரவில்லையே?

திறமையால் நிஜமாகவே சம்பாதித்தவர்கள் இருக்கிறார்கள். பில் பென்டர் என்ற அமெரிக்கர் 1980களில் ஹாங்காங்குக்குப் போய்க் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் கோடிகளை அள்ளினார். அவரே 1994-ல் எழுதிய கட்டுரையில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறார். தன் கணக்கோடு கூட்டம் நிர்ணயித்த விலையையும் சேர்த்த பிறகுதான் அது வேலை செய்தது என்று. ஹாங்காங்கில் வின் பந்தயத்துக்குக் கழிவு 17.5 சதவீதம். அதைத் தாண்டவே அவருக்கு வருடக்கணக்கில் உழைப்பும் பெரிய மூலதனமும் தேவைப்பட்டது. இங்கே வரி மட்டுமே அதை விட அதிகம். பென்சிலும் ரேஸ் புத்தகமும் வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் அதைத் தாண்டுவது எப்படி?

தப்பித் தவறி ஜெயித்தாலும் 10,000 ரூபாய்க்கு மேல் போனால் 30 சதவீதம் வருமான வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். போன வாரம் தோற்றதை அதில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

உக்கடத்திலிருந்து பாலக்காடு பஸ் ஏறி வாளையார் தாண்டிக் கேரளா லாட்டரி வாங்குகிறவரை இந்த ரேஸ் அண்ணன்களுக்குக் கண்டாலே இளக்காரம். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்த பிறகும் விடாமல் போகிறவர் அவர். அவருக்கும் வரி அதே 40 சதவீதம்தான். ஆனால் நம்பர் விழாவிட்டால் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். ரேஸ்காரர் ராத்திரி பூராவும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு, எந்த இடத்தில் தப்பு பண்ணினோம் என்று தேடிக்கொண்டிருப்பார்.