முதல்ல கதவைத் தட்டுங்க, அப்புறம் புகார் கொடுங்க

நேத்து நம்ம கோயில் தொண்டூழியர் வாட்ஸ்அப் குழுவுல ஒரு காணொளி. பின்னாடி புளோக்குல தனியா இருக்கிற பாட்டி வீட்டு நாய் ராத்திரி குரைக்குது. வீட்டு எண்ணோட போட்டது நம்ம ஆளுதான். நாங்களும் விருப்பக்குறி போட்டோம். பாட்டி வீட்டுக் கதவை மட்டும் ஒருத்தரும் தட்டல.

திருவிழாவுல தவில் சத்தம் அதிகம்னு யாராவது புகார் கொடுத்தா, “நேரா வந்து சொல்லியிருக்கலாமே”ன்னு வருத்தப்படுறது யாரு? நாமதானே! நமக்கொரு நியாயம், பாட்டிக்கொரு நியாயமா?

தூக்கம் கெடுறது சின்ன விஷயம்னு சொல்லல. காலை ஷிஃப்டுக்குப் போறவங்க கஷ்டம் எங்களுக்கும் தெரியும். இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை அமைதி காக்கணும்னு வீவக சொல்லுது. அது நாய்க்கும் பொருந்தும், நம்ம கரோக்கேக்கும் பொருந்தும். பேசிப் பார்த்தும் சரிவரலையா? சமரசப் பேச்சுக்குப் போகலாம். அதுலயும் முடியலன்னா, 2015 முதல் சமூகப் பூசல் தீர்வு நடுவர் மன்றம் இருக்கு. வளர்ப்புப் பிராணி போடுற அளவுமீறின சத்தத்துக்கும் அங்க வழக்குத் தொடுக்கலாம். ஆனா வீட்டு எண்ணைப் போட்டு ஒருத்தரை அவமானப்படுத்தச் சொல்லி எந்த விதியும் இல்ல.

வைரவருக்கு மாலை சாத்தும்போது அவரோட நாய் வாகனத்தையும்தானே கும்பிடுறோம்?

காணொளியை இன்னைக்கே நீக்குங்க. வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு பாட்டியைப் பார்க்கப் போறோம். முதல்ல மன்னிப்பு. நாயைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். யாரெல்லாம் வர்றீங்க?