இஞ்சி வீட்டுக்கு ஒரு திண்ணை

'ஜிஞ்சர்பிரெட் ஹவுஸ்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'இஞ்சி ரொட்டி வீடு' என்று பதம் பிரித்து எழுதிவிட்டால் மொழிபெயர்ப்பாளரின் வேலை முடிந்தது என்று தோன்றும். விஷயம் அவ்வளவு சுலபமல்ல. முதலாவதாக, அதில் உள்ள 'பிரெட்' ரொட்டியே அல்ல. பதப்படுத்திய இஞ்சியைக் குறித்த ஒரு பழைய பிரெஞ்சுச் சொல்லின் கடைசி அசை ஆங்கிலேயர் காதில் 'பிரெட்' என்று விழுந்து, அப்படியே நிலைத்துவிட்டது. இரண்டாவதாக, இந்த வீட்டை உலகப் பிரசித்தமாக்கிய கதையில் இஞ்சியே கிடையாது. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட 'ஹான்சலும் கிரெட்டலும்' கதையில் காட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு ரொட்டியால் சுவர், கேக்கால் கூரை, சர்க்கரையால் ஜன்னல். அவ்வளவுதான். மசாலாவும் தேனும் சேர்த்துச் செய்யும் கிறிஸ்துமஸ் பண்டத்தால் ஜெர்மானியர்கள் அந்த வீட்டைக் கட்டப்போய் இஞ்சி உள்ளே புகுந்தது.

அந்த இஞ்சியோ நம்முடையது. 'ஜிஞ்சர்' என்ற சொல் லத்தீன், கிரேக்கம், பாலி என்று பின்னோக்கிப் போய் கடைசியில் 'இஞ்சி வேர்' என்ற திராவிடச் சொல்லில் முடிகிறது. ஆலன் ராஸ் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் இந்த ஒரே சொல்லின் பயணத்தைப் பற்றி 1952இல் தனி நூலே எழுதினார். ஆக, டிசம்பரில் நம் ஊர்க் கடைகளில் பனி போர்த்திய கூரையோடு வந்து இறங்கும் இந்த ஐரோப்பிய வீட்டின் பெயர்ப்பலகையில் பாதி நம் எழுத்து.

கொல்கத்தாவில் கிறிஸ்துமஸுக்குப் பெயர் 'பொரோதின்'. பெரிய நாள் என்று அர்த்தம். அதைக் கொண்டாட இந்த ஊரில் யாரும் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை. நியூ மார்க்கெட்டில் வரிசையில் நின்று கேக் வாங்கும் கூட்டத்துக்குத் தெரியும், 1902இல் வியாபாரத்தைத் தொடங்கிய நஹூம்ஸ் ஒரு பாக்தாத் யூதக் குடும்பத்தின் கடை என்று. தால்தலா பக்கம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வீட்டில் பிசைந்த கேக் கலவையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கும் விறகு அடுப்பு பேக்கரிகளில் வேகவைத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். நகரின் தென்கோடியான டாலிகஞ்சிலும் டிசம்பர் பிறந்தால் மளிகைக் கடை வாசலில்கூட கேக் பெட்டிகள் கோபுரமாக எழும்.

சில வருடங்களாக அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் அயிட்டம்: பிஸ்கட் வீடு கட்டும் தயார்ப் பெட்டி. வெட்டிய சுவர்கள், கூரை, வெள்ளைச் சர்க்கரைக் கூழ், பச்சையும் சிவப்புமாக மிட்டாய்கள். படத்தில் உள்ளபடி ஒட்ட வேண்டியதுதான். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்டியைத் திறக்கும் குழந்தைகளில் யாரும் பனி பெய்து பார்த்ததில்லை. புகைக்கூண்டு உள்ள வீட்டில் வசித்ததில்லை. அலங்கரிக்கும் வேலையை ஏற்கெனவே யாரோ செய்து முடித்துவிட்டார்கள். குழந்தைக்கு மிஞ்சுவது ஒட்டும் வேலை மட்டும்.

டாலிகஞ்சில் வீடு என்பது ஒரு கனமான சொல். 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு திப்பு சுல்தானின் குடும்பத்தை ஆங்கிலேயர்கள் வேலூர்க் கோட்டையிலிருந்து கிளப்பி இந்தப் பக்கம்தான் கொண்டுவந்து வைத்தார்கள். நாட்டுப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்தில் வீட்டைப் பறிகொடுத்து வந்தவர்களும் இதைச் சுற்றித்தான் இறங்கினார்கள். விஜய்கட், ஆசாத்கட், நேதாஜி நகர் என்று காலி நிலங்களில் காலனிகள் முளைத்தன. மூங்கிலும் தட்டியும் கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் குடிசை எழும்பும். அதிகாரிகளோ நில உடைமையாளரின் ஆட்களோ வந்து பிரித்தால் மறுபடி எழும்பும். ரித்விக் கட்டக்கின் 'மேகே டாகா தாரா' (1960) காட்டுவது இத்தகைய ஒரு காலனியைத்தான். நிலத்துக்குப் பட்டா வரப் பல பத்தாண்டுகள் ஆயின. தட்டிச் சுவர் செங்கல்லாகி, தகரக் கூரை மொட்டை மாடியாகி, ஜன்னலுக்குப் பச்சைப் பலகைக் கதவு வந்தது. இப்போது அந்த வீடுகளையும் புரமோட்டர்கள் ஒவ்வொன்றாக இடித்து அடுக்குமாடியாக்குகிறார்கள். கொல்கத்தாவின் இத்தகைய சாதாரணப் பழைய வீடுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுத்தாளர் அமித் சௌதுரி 2015இல் ஓர் இயக்கமே தொடங்கினார். அரண்மனைகளுக்காக வாதாட ஆள் உண்டு. சிவப்புத் தரையும் வாசல் திண்ணையும் உள்ள நடுத்தர வீட்டுக்கு யார் இருக்கிறார்கள் என்பது அவர் கேள்வி.

எனவே என் யோசனை இதுதான். இந்த வருடம் பிஸ்கட்டில் வீடு கட்டுவதானால், தெருவில் நிற்கும் வீட்டைக் கட்டலாம். இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்த வீடாக இருந்தால் இன்னும் நல்லது. குழந்தையை அதன் முன்னால் நிறுத்தி, எத்தனை ஜன்னல், படி எந்தப் பக்கம் என்று பென்சிலால் வரைந்துவரச் சொல்லுங்கள். அலங்காரத்தில் பாதி அந்தப் பார்வையிலேயே முடிந்துவிடும்.

சுவருக்கு அரை கிலோ மைதா, 200 கிராம் வெல்லம், 125 கிராம் வெண்ணெய், ஒரு முட்டை, இரண்டு தேக்கரண்டி சுக்குப்பொடி, கொஞ்சம் பட்டை, கிராம்பு. வங்காளத்தில் இருப்பவர்கள் குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் நொலேன் குட் என்ற ஈச்ச வெல்லத்தைப் போடலாம். தமிழ்நாட்டில் கருப்பட்டி இருக்கிறது. வெல்லத்தையும் வெண்ணெயையும் சேர்த்து உருக்கி, ஆறிய பிறகு மற்றவற்றோடு பிசைய வேண்டும். மாவு உதிர்ந்தால் ஒரு கரண்டி தண்ணீர் தெளிக்கலாம். சோடா மாவு வேண்டாம், சுவர் உப்பிவிடும். அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் திரட்டி, அட்டை அளவு வைத்து வெட்டி, 175 டிகிரியில் கால் மணி நேரம் வேகவிட்டு, சூடு ஆறுவதற்குள் ஓரங்களை நேராக்க வேண்டும். ஒரு நாள் காயவிட்ட பிறகுதான் கட்டுமான வேலை. அடுப்பு வசதி இல்லாதவர்களுக்குக் கடை பிஸ்கட்டே போதும். இந்தியாவின் பிஸ்கட் சரித்திரத்தில் கொல்கத்தாவுக்குப் பெரிய இடம் உண்டு. 1892இல் 295 ரூபாய் முதலில் இங்கே ஒரு சிறு வீட்டில் தொடங்கியதுதான் பிரிட்டானியா. டாலிகஞ்சுக்கு மேற்கே தாராதலாவில் இருந்த அதன் பழைய ஆலை 2024இல் மூடப்பட்டது.

அலங்காரத்துக்கு வருவோம். வேகவைக்கும் முன் மாவின் மேல் கத்தி முனையால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டால் அகதிக் காலனியின் தட்டிச் சுவர். பச்சைப் பலகை ஜன்னலுக்கு, பச்சைச் சாயம் ஏற்றிய பூசணி மிட்டாயை மெல்லிய சீவலாக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டலாம். கண்ணாடி ஜன்னல் வேண்டுமானால், சுவரில் வெட்டிய ஓட்டைக்குள் பொடித்த ஆரஞ்சு மிட்டாயை நிரப்பி, வேகும் கடைசி ஐந்து நிமிடம் அடுப்பில் வைத்தால் உருகிப் படர்ந்துவிடும். ஆங்கிலோ இந்திய வீடுகளில் கிறிஸ்துமஸுக்குக் கிண்டும் கொய்யா சீஸ், அதாவது கொய்யா அல்வா, கருஞ்சிவப்பாக இருக்கும். அதைப் பட்டையாக வெட்டிப் பரப்பினால் அசல் சிவப்புத் தரை. பத்தாசா நடைபாதைக் கல். கலர் சர்க்கரை பூசிய சோம்பை வரிசையாக ஒட்டினால் தெருவில் தொங்கும் சீரியல் பல்பு. நாட்டு ஓடு வேண்டும் என்பவர்கள் பாதாம் சீவலைக் கீழிருந்து மேலாக அடுக்கலாம். 1973 முதல் ஹவுராவில் தயாராகி, பள்ளிப் பிள்ளைகளின் டிபன் டப்பாவில் குடியிருக்கும் பாபுஜி கேக்கைத் துண்டு போட்டு வைத்தால் 'ரோயாக்', அதாவது வாசல் திண்ணை. கொல்கத்தாவின் அரட்டை எல்லாம் வளர்ந்தது அந்தத் திண்ணையில்தான். தயார்ப் பெட்டியில் வரும் வீட்டில் அது கிடையாது.

ஒட்டுவதற்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, 200 கிராம் ஐசிங் சர்க்கரை, சில சொட்டு எலுமிச்சைச் சாறு அடித்த கூழ். பச்சை முட்டை ஆகாதவர்கள் கடையில் விற்கும் வெள்ளைக்கருப் பொடியில் செய்யலாம், அல்லது பாகு காய்ச்சி ஒட்டலாம். பாகு வேலை பெரியவர்களுடையது; பட்டால் தோல் கழன்றுவிடும். கூழைக் கூம்பிலிட்டுப் பிழிவதற்கு வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. மேதினிப்பூர்ப் பெண்கள் குளிர்காலத்தில் உளுந்து மாவைப் பரப்பிய கசகசாவின் மேல் காது நகை போலவும் வங்கி போலவும் பிழிந்து காயவைக்கும் 'கயனா பொரி' ரவீந்திரநாத் தாகூரே வியந்த கைவேலை. ஜாங்கிரி பிழியத் தெரிந்த நம் வீட்டுக் கைக்கும் அதே பழக்கம் உண்டு. அந்தக் கை மாடிக் கைப்பிடிச் சுவரில் கம்பி வேலை செய்யட்டும். வாசலில் வங்காளிகள் ஆல்பனாவும் தமிழர்கள் கோலமும் போடட்டும். மேலே சர்க்கரை தூவிப் பனி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. கொல்கத்தாவின் டிசம்பர் காய்ந்த குளிர். வீடு ஒரு வாரம் நிற்கும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் காற்றில் ஈரம் அதிகம். இரண்டாம் நாளே கூரை தொய்யும், ஜன்னல் பிசுபிசுக்கும். அங்கே 24ஆம் தேதி கட்டி 25ஆம் தேதி உடைப்பது உத்தமம். எறும்புக்கு ஊர் பேதமில்லை. நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் வீட்டையும், சுற்றிலும் தட்டில் தண்ணீரும் வைத்தால் அகழியும் ஆயிற்று, பாதுகாப்பும் ஆயிற்று.

உடைப்பதைப் பற்றிக் கடைசியாக ஒரு வார்த்தை. பெரிய ஓட்டல்களின் முகப்பில் ஆள் உயரத்துக்கு இத்தகைய வீடுகளை நிறுத்துகிறார்கள். படம் எடுக்கலாம், தொடக்கூடாது. கிரிம் கதையில் அந்த இரண்டு குழந்தைகளும் காட்டுக்கு வந்ததே நாட்டில் பஞ்சம் வந்து வீட்டில் சோறில்லாமல் போனதால்தான். தின்னக்கூடிய வீடு என்பது பசித்தவர்கள் கண்ட கனவு. 1943இல் வீட்டு வாசல்களில் சோறுகூட அல்ல, வடித்த கஞ்சித் தண்ணீர் கேட்டு மனிதர்கள் நின்ற நகரத்தில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆகவே கட்டிய வீட்டைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூசணம் பிடிக்க விடாதீர்கள். கட்டியவர்களில் கடைக்குட்டி கையால் கூரையை எடுக்கச் சொல்லி, காவலாளிக்கும் வேலைக்கு வரும் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு சுவர் கொடுங்கள். திண்ணை மட்டும், வரைந்துவந்த அந்தப் பழைய வீட்டில் இன்னும் யாராவது குடியிருந்தால், அவர்களுக்குப் போகட்டும்.