பயிற்சிக்கு மறுநாள் பெரட்டில்

தோட்டத்து மேற்பார்வையாளர்களான மண்டோர்களைத் தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்பது மஸ்ஜித் தானா வட்டாரத்துத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மலாக்கா ஹோட்டலில் இரண்டு நாள், குளிர்சாதன அறை, பசியாறல், பலூன் விளையாட்டு, கடைசியில் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு ஒரு குழுப்படம். திங்கட்கிழமை விடியற்காலை பெயர் கூப்பிடும் பெரட்டில் அதே மண்டோர், அதே ஏச்சு. கிராணியாக இருந்து, பயிற்சிக்குப் போகிறவர்களின் பெயர்ப்பட்டியல்களைத் தயாரித்தவன் நான்.

பயிற்சியாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். பணம் எதற்குக் கிடைக்கிறதோ அதற்கேற்றபடிதான் எதுவும் நடக்கும். மனிதவள மேம்பாட்டு நிதி 1993-லேயே வந்துவிட்டது. 2021 மார்ச்சில் தோட்டத்துறையும் அதற்குள் வந்தது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட உள்நாட்டுத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளி, அவர்கள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை லெவியாகக் கட்ட வேண்டும். கட்டிய காசு வீணாகக் கூடாதே என்று வருடக் கடைசியில் ஆள் அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். செலவு திரும்பி வந்ததும் கணக்கு முடிந்தது.

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1959-லேயே பயிற்சியை அளக்க நான்கு படிகளைச் சொன்னார். வந்தவருக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டாரா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் பலன் வந்ததா. நாம் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறோம்.

அதற்கும் முந்தியது, 1940-ல் போர்க்காலத் தொழிற்சாலைகளுக்காக அமெரிக்கா தொடங்கிய மேற்பார்வையாளர் பயிற்சி. ஒரு பாடத்துக்கு மொத்தமே பத்து மணி நேரம், இரண்டிரண்டு மணியாக ஐந்து அமர்வு. ஆள்களை நடத்துவது பற்றிய பாடத்துக்கு ஒவ்வொருவரும் தன் பட்டறையில் நடந்த தகராறு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். கையில் கொடுத்தனுப்பிய சின்ன அட்டையில், எப்போது திரும்பப் போய்ப் பார்ப்பாய், எத்தனை முறை பார்ப்பாய் என்ற கேள்விகள் இருந்தன. போருக்குப் பிறகு அந்தப் பாடம் ஜப்பானுக்குப் போனது. டொயோட்டா அதைப் பிடித்துக்கொண்டது. ஜப்பானிய ஒழுங்கு என்று நாம் வியப்பதில் ஒரு பங்கு இப்படிக் கற்றது.

செம்பனைத் தோட்டத்தில் இப்படிப் பயிற்சி தர ஹோட்டல் வேண்டாம். மண்டோரிடம் பத்துக் குணம் மாறவும் வேண்டாம், ஒன்று போதும். பழுக்காத குலையை வெட்டியவனைப் பெரட்டில் எல்லார் முன்னாலும் ஏசாமல், அன்றைக்கே அவன் நிரைக்குப் போக வேண்டும். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைக் காட்டி, எந்தக் குலை பழுத்தது என்று அவனையே சொல்லவைத்து, அவன் கையாலேயே வெட்டவைக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து மறுபடியும் போக வேண்டும். மாதம் ஒருமுறை மண்டோர்கள் கூடி, யார் போனார்கள், யாருக்கு நேரமில்லை, ஏன் இல்லை என்று பேசட்டும். மேனேஜரும் அங்கே உட்கார வேண்டும். அவர் மண்டோரை அறைக்குள் நிறுத்தி ஏசினால், மண்டோர் அதை அப்படியே நிரையில் இறக்கிவைப்பார்.

நம் தாத்தாமார் கங்காணியின் வாய்க்குப் பயந்து வாழ்ந்தார்கள். இன்று நிரையில் நிற்பவர்கள் இந்தோனேசியரும் வங்காளதேசியும். பல தோட்டங்களில் ஏசுகிற குரல் நம்முடையது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

மண்டோர் மாறிவிட்டாரா என்று அந்தத் தொழிலாளியிடமே கேட்கலாமே என்பார்கள். பெர்மிட் முதலாளி கையில் இருக்கும்போது அவன் என்ன சொல்லிவிடுவான்? அதனால் கருத்துக் கேட்கும் தாள் உதவாது. மில்லில் தரம் பிரிக்கும்போது பழுக்காத குலை எத்தனை என்று கணக்கு வருகிறது. புதிதாய் வந்தவர்களில் யார் நின்றார்கள், யார் ஓடிப்போனார்கள் என்பது வருகைப் பதிவான செக்ரோலில் இருக்கிறது. மண்டோர் வாரியாக இந்த இரண்டையும் பயிற்சிக்கு முன்பும் மூன்று மாதம் கழித்தும் பார்த்தால் போதும். மழைக்காலத்தையும் ஆள் பற்றாக்குறையையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும் என்பது கிராணிமாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

லெவியை வசூலிக்கும் மனிதவள மேம்பாட்டுக் கழகம் பயிற்சித் தொகையில் மூன்றில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, இந்தக் கணக்கு வந்த பிறகு கொடுக்கட்டும். கணக்கு நன்றாக இல்லாவிட்டாலும் கொடுக்கட்டும், ஆனால் வந்தால்தான் கொடுக்க வேண்டும். கெட்ட கணக்குக்குப் பணத்தைப் பிடித்தால், அடுத்த வருடம் எல்லாக் கணக்கும் நல்ல கணக்காகவே வரும். அது எப்படி என்று கிராணி வேலை பார்த்த எனக்குத் தெரியும்.