நீரிணை என்னும் சொல்

சென்ற தவணைத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த புவியியல் ஆசிரியர், ஒரு தாளை என் மேசைமேல் வைத்து, "பண்டிதர் ஐயா, இது உங்கள் பகுதிக்குரிய பிழை" என்றார். பாக்கு நீரிணை அப்பெயர் பெற்றமைக்குக் காரணம் கூறுக என்பது வினா. முற்காலத்தில் இலங்கையிலிருந்து பாக்கு ஏற்றிய தோணிகள் அவ்வழியே இந்தியக் கரைக்குச் சென்றமையால் அப்பெயர் வழங்கலாயிற்று என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். எழுத்துப் பிழை இல்லை, சொற்பிழை இல்லை, சந்தியும் சரியாகவே இருந்தது. பொருள் ஒன்றுதான் பிழைத்துவிட்டது.

இராபர்ட் பாக் என்பவர் 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ஆங்கிலேயர். சமயக் குருவாக இந்தியாவுக்கு வந்து, அப்பணியை விடுத்துக் கும்பினியின் ஆட்சியில் உயர்ந்தவர். அவர் பெயரே இக்கடலுக்கு இடப்பட்டது. ஆங்கிலத்தில் அப்பெயரின் நடுவே லகரம் எழுதப்படும், ஒலிக்கப்படுவதில்லை. எஞ்சி நிற்பது 'பாக்'. ககர ஒற்றிலே சொல் முடிதல் தமிழ் மரபன்று. ஆதலின் உகரம் வந்து சேர்ந்தது. சேர்ந்ததும் வெற்றிலையோடு வைக்கும் பாக்கு ஆயிற்று. ஆளுநரைப் பாக்காக்கியது நமது இலக்கணமே! பாக்கு ஏற்றிய தோணிகள் அக்கடலைக் கடந்ததும் பொய்யன்று. அம்மாணவி தன் அறிவுக்கு எட்டிய வரையிற் பொருத்தமாகவே எழுதினாள். அவளுக்கு உண்மையைச் சொல்ல ஒருவரும் முன்வராமையே குறை.

சொல்லாமைக்கும் காரணம் உண்டு. உலகத்து நீரிணைகளை நாம் கற்பிக்கும் முறை ஓர் அட்டவணை. ஜிப்ரால்டர், டோவர், பொசுபரசு, பாப்-எல்-மண்டெப், ஓர்முசு, மலாக்கா, சுந்தா, பேரிங், மகலன் என ஒரு நிரலில் எழுதி, இணைக்கும் கடல்களை அடுத்த நிரலிலும், பிரிக்கும் நிலங்களை மூன்றாம் நிரலிலும் எழுதி மனனம் செய்யுமாறு விடுகின்றோம். மாணவர் நெட்டுருப் பண்ணுகின்றனர். பரீட்சை முடிந்த அன்று மறந்துவிடுகின்றனர். அட்டவணையின் நடுவே எங்கோ பாக்கு நீரிணையும் கிடக்கிறது, அதுவும் தொலைவிலுள்ள ஒரு கடல் போல. இம்முறை தவறு என்பதே என் கருத்து. இதனைப் புவியியல் ஆசிரியருக்கு விட்டுவிடாமல் தமிழாசிரியனாகிய நான் எழுதுவதற்கு, அச்சொல்லே காரணம்.

ஆங்கிலேயர் வழங்கும் சொல்லுக்குப் பொருள் ஒடுக்கம், நெருக்கடி என்பன. கப்பலோட்டி வந்தவனுக்கு இருபுறமும் பாறை நெருங்கிய அச்சமே முதலில் தோன்றியது போலும். அரபிகள் செங்கடலின் தென்வாயிலுக்குக் 'கண்ணீர் வாயில்' என்று பொருள்படப் பெயரிட்டனர். தமிழ்நாட்டார் முன்னர் சலசந்தி என்றனர். இன்று அவர்தம் பாடநூல்கள் நீர்ச்சந்தி என்கின்றன. இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நீரிணை என்போம். சந்தி என்றாலும் இணை என்றாலும் கூடுதல் என்பதே கருத்து. நிலம் இரண்டைப் பிரிப்பதும் அதே நீர்தான். எனினும் சொல்லாக்கியோர் பிரிவை விட்டு இணைவைப் பற்றினர். 'இணை' என்பது இணைதலாகிய வினைக்கு முதனிலையாய் நிற்பதோடு, ஒத்த இரண்டு என்னும் பெயர்ப்பொருளும் தரும். எதிரெதிரே நிற்கும் இரு கரைகளையும், அவற்றிடையே கூடும் இரு கடல்களையும் ஒருங்கே குறிக்க இதனினும் தக்க சொல் அரிது. இரு கரையிலும் ஒரே சொல் வழங்குமாயின் நன்று. நீர்ச்சந்தி என்பாரோடு நான் வழக்காடப்போவதில்லை.

சொல் பொருந்துகிறதா என்று உலகப்படத்தைப் பார்த்தால், பெரும்பாலும் பொருந்தும். பொசுபரசு மிக ஒடுங்கிய இடத்தில் 700 மீற்றர் அகலமே உடையது. அதன் இரு கரையிலும் ஒரே நகரம், ஒரு கரை ஐரோப்பா, மறு கரை ஆசியா. டோவர் 33 கிலோமீற்றர். 1994 முதல் அதன் அடியிலே புகைவண்டி ஓடுகிறது. பேரிங் நீரிணையின் நடுவே இரு சிறு தீவுகள். இடைவெளி ஏறக்குறைய 4 கிலோமீற்றர். ஒன்று உருசியாவுக்கும் மற்றது அமெரிக்காவுக்கும் உரியன. நாட்கோடு அவற்றின் இடையே செல்வதால், இங்கே ஞாயிறு என்றால் அங்கே திங்கள். ஏறக்குறைய 800 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மலாக்கா நீரிணையின் வடவாயிலிலுள்ள கடாரத்தின் மேல் இராசேந்திர சோழன் படை சென்றது 1025ஆம் ஆண்டளவில். வாணிகக் கப்பல் செல்லும் வழியைக் கைக்கொள்வோன் செல்வத்தைக் கைக்கொள்வான் என்பதைச் சோழர் அறிந்திருந்தனர். எண்ணெய்த் தாங்கிகளின் நிழலில் வாழும் சீனன்குடா மக்களுக்கும் அது தெரியும்: ஓர்முசிலே பதற்றம் என்று வானொலி சொன்னால், இங்கே கடைக்காரர் மண்ணெண்ணெயின் விலையைப் பற்றிப் பேசத் தொடங்குவர்.

இனி நம் வாயிலுக்கு வருவோம். திருக்கோணமலைத் துறைமுகம் ஆழத்தாற் பெயர்பெற்றது. என் வீட்டுக்கு அண்மையிலுள்ள துறையிலே நின்றால் பெருங்கப்பல்கள் கரையை அணுகி நிற்பதைக் காணலாம். பாக்கு நீரிணையோ இதற்கு நேர்மாறு. அதன் தென்பால் விரிந்த குடாவிற் பெரும்பகுதி 15 மீற்றருக்கு உட்பட்ட ஆழமே உடையது. தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையிலுள்ள மணற்றிட்டைகளில் ஆள் நடக்கும் ஆழமும் உண்டு. கடல்மட்டம் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்த பனியூழிக் காலத்தில் அது நிலமாகவே இருந்தது. ஆகவே மும்பையிலிருந்து கொல்கத்தா செல்லும் பெருங்கப்பல் இன்றும் தெய்வேந்திரமுனையைச் சுற்றியே வரவேண்டும். அத்திட்டைகளை அகழ்ந்து கால்வாய் வெட்டும் எண்ணம் 1860இல் தெயிலர் என்பாராற் சொல்லப்பட்டு, 2005இல் வேலை தொடங்கி, வழக்குகளால் இடைநின்றது. நின்றது நன்றே என்பேன். இச்சிறு கடலின் செல்வம் கப்பல் அன்று, மீன்.

பெருங்கப்பலுக்கு மூடிய அவ்வழி தோணிக்கு என்றும் திறந்தே இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய பொருள்களுள் ஈழத்து உணவையும் பட்டினப்பாலை எண்ணுகிறது. வாடையும் சோழகமும் கணித்துப் பாய்விரித்த வல்வெட்டித்துறையார் பாக்கு நீரிணையோடு நின்றாரல்லர். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைகொள்ள, அவ்வூர் மாலுமிகள் அதனைக் கண்ணீர் வாயிலையும் ஜிப்ரால்டரையும் கடத்தி, 1938 ஓகத்து மாதத்தில் அமெரிக்கக் கரை சேர்த்தனர். நாம் அட்டவணையில் எழுதிவைக்கும் பெயர்களுள் இரண்டை அவர்கள் சுக்கான் பிடித்துக் கடந்தனர். நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் போகவும் வரவும் நீந்தினார்; 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்று, அக்குளிர்நீரில் உயிர்துறந்தார். டோவர் என்னும் பெயரைக் கற்பிக்கும்போது இதனைச் சொன்னால் எந்த மாணவன் மறப்பான்?

என் தந்தையார் 1959இல் சிதம்பர தரிசனத்துக்கு 'போட்மெயில்' வழியே சென்றவர். தலைமன்னாரிற் கப்பலேறி, தனுக்கோடியில் இறங்கி, அங்கேயே புகைவண்டி ஏறினாராம். 1914இல் தொடங்கிய அவ்வழி, 1964 திசெம்பர்ப் புயலில் தனுக்கோடி அழிந்ததோடு முறிந்தது. பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில், போர் மூண்ட காலத்தில், நின்றது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே மீண்டும் பயணக்கப்பல் வந்தது. சில நாளில் நின்று, 2024 ஓகத்தில் திரும்பவும் தொடங்கியது. இவற்றையெல்லாம் வகுப்பிலே உருக்கமாகச் சொல்லி, நீரிணை என்னும் சொல்லின் அழகை விரித்து, நானே என் பேச்சில் மகிழ்ந்திருந்த ஒரு மாலையைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

கீழைமொழிக் கல்லூரியில் வார இறுதியில் நடக்கும் பண்டித வகுப்பு அது. பேசாலையிற் பிறந்து, இங்குள்ள ஆலையொன்றில் வேலைபார்த்துக்கொண்டே தமிழ் பயிலும் இளைஞர் ஒருவர் அதில் உண்டு. பேச்சுக் குறைந்தவர். அன்று எழுந்து, "ஐயா, சந்தியும் இணையும் ஒன்று என்றீர்கள். புணர்ச்சியில் விகாரம் மூன்று என்றும் படிப்பித்தீர்கள்" என்றார்.

"ஆம் தம்பி, தோன்றல், திரிதல், கெடுதல்" என்றேன்.

"எங்கள் கடலில் நடப்பது கெடுதல், ஐயா. என் தகப்பனாரின் வலை மூன்றுமுறை அறுந்தது. அறுத்தவர்களும் தமிழிலேதான் பேசுகிறார்கள்."

வகுப்பு சிரிக்கவில்லை. நானும் விடை சொல்லவில்லை.

இழுவை மடி என்பது கடலின் அடித்தளத்தை வாரிச் செல்வது. மீனோடு குஞ்சும், குஞ்சோடு கடற்புல்லும், அவற்றோடு பிறர் விரித்த வலையும் போகும். தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் வாரத்தில் மூன்று இரவுகள் எல்லையைக் கடந்து வருவதும், அவ்விரவுகளில் மன்னார், யாழ்ப்பாணக் கரையோரச் சிறு மீனவர் வலை விரிக்க அஞ்சிக் கரையில் இருந்துவிடுவதும் பல்லாண்டாகக் கேட்கும் செய்தி. கடலெல்லை 1974, 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்டது. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இற் சட்டத்தால் தடுத்தது. அங்கிருந்து வருவோரும் செல்வரல்லர். பலர் பிறர் படகிற் கூலிக்கு வருவோர். பிடிபட்டுச் சிறையிருப்போரும் அவர்களே. கடலில் உயிரிழந்தோரும் உளர். அவர்தம் வறுமை உண்மை. அதனினும் நலிந்தவன் வலையை அறுக்க அது உரிமை தருமா? தராது என்றே சொல்வேன். ஒரே மொழி, ஒரே உறவு என்று மேடையிலே பேசி இவ்வழக்கை மூடிவிடுவோர் இரு கரையிலும் உளர். அன்று வகுப்பிலே நான் செய்ததும் ஏறக்குறைய அதுவே.

விடை தேடிப் போனபோது எனக்குத் துணையானது நயினாதீவு. அங்கே நாகபூசணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. முதலாம் பராக்கிரமபாகு என்னும் சிங்கள மன்னன் தமிழிற் பொறிப்பித்த ஆணை என்பது அறிஞர் துணிபு. பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து தங்கலாம். அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு கூறு அரசுக்கு, மூன்று கூறு உடையவனுக்கு. பிற சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. இதுவே அதன் சாரம். ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறை. உடைந்த கப்பலின் பொருள் கண்டவன் கையிற் போகாமல், அதற்கும் ஓர் அளவு வகுத்த ஆணை அது. வருவோன் படிக்கும் மொழியில் அதனைப் பொறித்தான் மன்னன். 'உறவு' என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. உனக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு என்ற கணக்கே உண்டு. அக்கணக்கு இருந்தமையால் கப்பல் வந்தது.

அடுத்த வாரம் அதனை வகுப்பில் வாசித்து விளக்கினேன். பேசாலை இளைஞர் கேட்டிருந்து, "கல்வெட்டின் படி ஒன்று கிடைக்குமா ஐயா? தகப்பனாருக்குக் காட்ட வேண்டும்" என்றார். கொடுத்தேன்.

ஆதலின் பாடத்திட்டம் வகுப்போருக்கு என் வேண்டுகோள் இது. இருபது நீரிணைகளின் அட்டவணையை வைத்திருங்கள்; மறுக்கவில்லை. அதற்கு முன்னே ஒரு நீரிணையை முழுமையாகக் கற்பியுங்கள். பாக்கு நீரிணையின் ஆழமும் காற்றும் மீனும், அதனைக் கடந்தோரும், நயினாதீவுக் கல்வெட்டும், 1974இன் கோடும், அறுந்த வலையும் ஒரே பாடத்தில் வரட்டும். புவியியல், வரலாறு, தமிழ் என்று மூன்று ஆசிரியர்கள் அதனைப் பங்கிட்டுக்கொள்ளலாம். எங்கள் பாடசாலைச் சுவரில் தொங்கும் பழைய தேசப்படத்தில் தலைமன்னாரிலிருந்து தனுக்கோடிக்கு ஒரு புள்ளிக்கோடு இன்னும் இருக்கிறது. அதனைத் தொட்டு இது என்ன என்று கேட்கும் மாணவனிடமிருந்து அப்பாடத்தைத் தொடங்கலாம். அவன் ஒருநாள் மலாக்காவையும் ஓர்முசையும் படிக்கும்போது, அங்கும் யாரோ ஒருவன் வலை விரித்திருப்பான் என்று தானாகவே எண்ணுவான்.

பாக்குத் தோணி எழுதிய மாணவிக்குப் புவியியல் ஆசிரியர் சூனியம் இட்டிருந்தார். அரைப்புள்ளியாவது கொடுக்குமாறு கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் இசையவில்லை.