ஆண்களிடம் யார் கேட்பது?

அறுபதைத் தாண்டியவர் இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்தால், சங்கரன்கோவில் வீடுகளில் அதற்குக் காரணம் தயாராக இருக்கும்: "சுகராத்தான் இருக்கும்." சுகர் இல்லையென்றால், "வயசாயிட்டுல்லா." இடுப்பு வலித்தால், காலமெல்லாம் விசைத்தறி முன் நின்ற உடம்பு என்று தைலம் தேய்க்கிறார்கள். பலருக்கு அந்தக் காரணங்கள் சரிதான். சிலருக்கு அது புராஸ்டேட் புற்றுநோய். அந்தச் சிலரைக் காலத்தோடு தேடிப் பிடிக்க நம் பொது சுகாதாரத் துறையில் முறையான ஏற்பாடு இல்லை. அதை உண்டாக்க வேண்டும். தென்காசி மாவட்டத்திலேயே தொடங்க வேண்டும்.

புராஸ்டேட், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி. வயதாக ஆக அது பெருப்பது இயல்பு. அந்தச் சாதாரண வீக்கம் குழாயை ஒட்டிய உள்பகுதியில் தொடங்குவதால் சீக்கிரமே குழாயை நெரிக்கிறது. நீர் வரத் தாமதம், மெலிந்த தாரை, சொட்டுச் சொட்டாக முடிவது, போய்வந்த பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு எல்லாம் அதனால் வருபவை. புற்றுநோயோ பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்புறத்தில், மலக்குடலை ஒட்டிய பக்கத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து குழாயை அடைக்க நெடுநாளாகும். அடைக்காமலே எலும்புக்குப் போய்விடுவதும் உண்டு. ஆகவே, "ஆரம்ப அறிகுறிகள்" என்று சுவரொட்டி அடித்து ஒட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருக்க முடியாது. ஆரம்பத்தில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. சிறுநீரிலோ விந்திலோ ரத்தம் தென்பட்டால் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. இடுப்பிலும் முதுகிலும் ஓய்வெடுத்தாலும் விடாத வலியோ, பலருக்கு நோய் பரவிய பிறகு வரும் செய்தி.

ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் வென்ற பிரிட்டன் சைக்கிள் வீரர் கிறிஸ் ஹோய்க்குத் தோள்வலிக்காக எடுத்த ஸ்கேனில்தான் நோயின் தடம் தெரிந்தது. குணப்படுத்த முடியாத நிலை என்று 2024 அக்டோபரில், 48 வயதில், அவரே அறிவித்தார். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு 2025 மே மாதம் கண்டறிந்தபோது நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. அவருக்கே அப்படியென்றால், களைக்கொத்தோடு காட்டுக்குப் போகிறவர் தானாகத் தெரிந்துகொண்டு வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? சுரப்பிக்குள் இருக்கும்போதே கண்டுபிடித்தால், அமெரிக்கக் கணக்குப்படி 100க்கு 99 பேருக்கு மேல் ஐந்தாண்டைத் தாண்டி வாழ்கிறார்கள். தொலைவுக்குப் பரவிவிட்டால் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சரிகிறது.

புராஸ்டேட் சுரக்கும் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையை எல்லா ஆண்களுக்கும் செய்துவிடலாமே என்று கேட்கலாம். அதை நாம் கோரவில்லை. ஐரோப்பாவில் 1,60,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வு, பரிசோதனையால் இந்த நோயின் மரணங்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக 2009இல் சொன்னது. ஆனால், ஆயுள் முழுக்கத் தொல்லை தராத புற்றுகளும் அதில் அகப்பட்டு, தேவையற்ற சிகிச்சையில் முடிகின்றன. அமெரிக்க நிபுணர் குழு 2012இல் இந்தப் பரிசோதனை வேண்டாம் என்றது. 2018இல், 55 முதல் 69 வயதுள்ளவர்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம் என்று மாற்றிக்கொண்டது. கிருமித் தொற்றிலும் சாதாரண வீக்கத்திலும்கூட பிஎஸ்ஏ ஏறும். வீக்கத்துக்குத் தரும் சில மாத்திரைகள் அதைப் பாதியாகக் குறைத்தும் காட்டும். மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்கள் இதை அறிவதில்லை. எனவே, பரிசோதனைக்கு முன் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும், கேட்க வேண்டும்.

அந்த ஒருவர்தான் நம்மிடம் இல்லை. நாட்டின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றும் இருக்கின்றன, புராஸ்டேட் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே வருகிறது; ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. வருகிறவர்கள் பெண் தன்னார்வலர்கள். அருமையாக வேலை செய்கிறார்கள். ஆனால், மகள் வயதுப் பெண்ணிடம் சிறுநீர்த் தாரையைப் பற்றி எந்தப் பெரியவர் வாய் திறப்பார்? கிராம சுகாதார செவிலியரும் பெண்தான். வெட்கத்தை விடச் சொல்லிப் பெரியவர்களைக் கடிந்துகொள்வதை விட, அவர்களிடம் பேசக்கூடிய ஓர் ஆணை அனுப்புவது எளிது.

சுகாதார ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கொசு ஒழிப்புக்குத் தெருத் தெருவாகப் போகும் அவர்கள், 50 வயதைத் தாண்டிய ஆண்களை விசைத்தறிக் கூடங்களிலும் பூ மார்க்கெட்டிலும் சந்தித்துக் கேட்கட்டும்: இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், ரத்தம் கண்டதுண்டா, விடாத எலும்பு வலி உண்டா, அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்ததா. குடும்பத்தில் இருந்தால் 45 வயதிலிருந்தே கேட்க வேண்டும். சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையில் வாரம் ஒருநாள் ஆண்களுக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு நடக்கட்டும். தேவைப்படுவோருக்கு அங்கேயே இலவசமாக ரத்தம் எடுக்க வேண்டும். ஆய்வகம் நெல்லையில் இருந்தால் ரத்தக் குப்பி பஸ் ஏறட்டும், பெரியவர் ஏற வேண்டாம். நோய் உறுதியானால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அந்த அட்டையைப் பயன்படுத்தும் இடம் வரை ஆளைக் கொண்டுசேர்ப்பதுதான் விடுபட்டிருக்கிறது.

இவை நடக்கும்வரை காத்திராமல், ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஒன்றை இப்போதே அறிவிக்கலாம். முதுகுவலியோடு கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் அடியோடு நின்றாலோ, அது தைலத்துக்கான வலி அல்ல. முதுகெலும்புக்குப் பரவிய புற்றால் தண்டுவடம் நசுங்குகிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். 108ஐ அழைத்துப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஓரிரு நாள் தாமதித்தாலும் கால் திரும்ப வராமல் போகலாம்.