18 பாகை யாருக்கு?

“ஹீற்றரை ஆர் போட்டது?”

லண்டனின் குளிர்கால மாலைகளில் நம் வீடுகள் பலவற்றில் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ரேடியேற்றரில் கைவைத்துப் பார்த்துவிட்டுக் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டியவள் காலை முதல் அந்த வீட்டுக்குள் இருந்தவள். ஆர் போட்டது என்பது இருவருக்கும் தெரியும். ஆகவே இது கேள்வி அல்ல, விசாரணை.

இந்தச் சண்டையைப் பகிடியாக்கியே பழகிவிட்டோம். பெண்ணுக்குக் குளிர் தெரியும், ஆணுக்குச் செலவு தெரியும் என்று சொல்லிச் சிரித்து முடித்துவிடுகிறோம். ஆனால் வழக்கு குளிரைப் பற்றியது அல்ல. அந்த வீட்டில் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்பதைப் பற்றியது.

செலவு பொய் இல்லை. சராசரிப் பாவனையுள்ள வீட்டுக்கு எரிவாயுவும் மின்சாரமும் சேர்ந்து 2021 ஒக்டோபரில் ஆண்டுக்கு 1,277 பவுண்டு என்பது கட்டண உச்சவரம்பு. 2022 ஒக்டோபரில், அரசு தலையிட்டுக் கட்டுப்படுத்திய பிறகும், அது 2,500 பவுண்டு. அதற்குப் பொறுப்பு எந்தக் கணவனும் அல்ல. ஆனால் சிக்கனம் வேண்டும் என்று முடிவானதும், அந்தச் சிக்கனம் யாருடைய உடம்பிலிருந்து எடுக்கப்படுகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பகல் முழுக்க வீட்டில் இருப்பவள் உடம்பிலிருந்து. குளிர்ந்த குசினியில் இறைச்சி கழுவும் விரல்களிலிருந்து. வெளியே காயாத உடுப்பை அறைக்குள் விரிப்பவளும், அந்த ஈரத்தால் யன்னலோரம் பிடிக்கும் பூஞ்சணத்தைத் தேய்ப்பவளும், இருமும் பிள்ளையோடு இரவில் விழித்திருப்பவளும் அவளே. குளிர் அறையில் நின்று சாமான் அடுக்கிவிட்டு வரும் ஆண்களும் நம்மிடையே உண்டு. அவர்களின் களைப்பு உண்மை. ஆனால் அந்தக் குளிருக்குக் கூலி இருக்கிறது, வேலைநேரம் இருக்கிறது. இவளுடைய குளிருக்கு இரண்டும் இல்லை. பில்லில் குறையும் தொகை அவளுடைய வேலையாகவும் நோவாகவும் மாறுகிறது. அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

“எனக்குக் குளிரேல்லையே” என்பது அடுத்த வாதம். இது வீட்டுக்குள் மட்டும் சொல்லப்படுவதல்ல. அலுவலகக் கட்டடங்களின் வெப்பநிலைத் தரங்கள் 1960களில் உருவான ஒரு கணிப்பை ஒட்டியவை. அந்தக் கணிப்பு எடுத்துக்கொண்ட உடம்பு 40 வதும் 70 கிலோவும் உள்ள ஓர் ஆணுடையது. பெண்ணின் உடம்பு உண்டாக்கும் வெப்பத்தை இது 35 வீதம்வரை கூட்டி மதிப்பிடக்கூடும் என்று 2015இல் ‘நேச்சர் கிளைமேற் சேஞ்ச்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. எல்லாப் பெண்களுக்கும் கூடக் குளிரும் என்பதல்ல என் வாதம். மாதவிடாய் நிற்கும் வயதில் வெக்கை தாங்காமல் யன்னலைத் திறப்பவளுக்கும் அதே ஏச்சுத்தான் விழுகிறது. அவளுக்குக் குளிர்ந்தாலும் குற்றம், வேர்த்தாலும் குற்றம். அளவுகோல் அவன் உடம்பாக இருக்கும்வரை இது மாறாது.

இப்போது ஹீற்றிங்கைக் கைத்தொலைபேசியிலிருந்தே அணைக்கலாம். அவன் எங்கோ இருந்து விரலை அசைக்க, இங்கே அவளைச் சுற்றி வீடு குளிர்கிறது. எல்லாச் சண்டையும் வன்முறை ஆகாது. ஆனால் துணையை அச்சுறுத்திக் கட்டுப்படுத்தும் தொடர் நடத்தை இங்கிலாந்தில் 2015 சட்டத்தின்படி குற்றம். 2021ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பொருளாதார வன்முறையையும் தன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. கணக்கின் கடவுச்சொல் தரப்படாதவள், ஹீற்றரைத் தொடவே பயப்படுபவள், தன் நிலைக்குப் பெயர் உண்டென்று அறிந்திருக்க வேண்டும்.

“அப்ப காசை ஆர் கட்டுறது?” என்று கேட்பார்கள். இருவரும் இருந்து பில்லைப் பிரித்துப் பார்ப்போம். மீற்றரை வாசிக்கவும் கணக்கைத் திறக்கவும் இருவருக்கும் தெரியட்டும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் குளிர்காலத்தில் வீட்டுக்குள் பாதுகாப்பான அளவாக 18 பாகை செல்சியஸைப் பரிந்துரைத்தது. குழந்தைகள், முதியோர், நோயாளிகளுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். அதற்குக் கீழே பேரம் வேண்டாம். அதற்கு மேலே பேசலாம், வீட்டில் கூட நேரம் இருப்பவரின் சொல்லுக்குக் கூட எடை வைத்து. சாமத்தியவீட்டு மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் கணக்குப் பார்க்காத குடும்பம், ஒரு பெண் விறைக்காமல் இருப்பதற்கு மட்டும் ஏன் சில்லறை எண்ணுகிறது?

என்னை உறுத்துவது கணவனின் சத்தத்தைவிட, சத்தமே இல்லாத வீடுதான். பிள்ளைகள் பாடசாலைக்குப் போனதும் ஹீற்றரைத் தானே அணைத்துவிடுகிறாள். அவர்கள் திரும்புவதற்கு அரை மணி முன்பு போடுகிறாள். இடையில் ஆறு மணிநேரம், இரண்டு சுவெற்றரும் ஒரு போர்வையும். ஒருவரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. “நான் ஒருத்திதானே” என்கிறாள்.

அந்த ‘ஒருத்திதானே’யைச் சொல்லப் பழக்கியது யார்? கடைசியாகச் சாப்பிடவும் மிஞ்சியதைச் சாப்பிடவும் பழக்கிய அதே வளர்ப்புத்தான். அதைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து, குளிருக்கும் பொருத்திவிட்டோம்.

நீங்கள் ஒருத்தி மட்டும் இருக்கும் வீடும் ஆள் இருக்கும் வீடுதான். ஹீற்றரைப் போடுங்கள். ஆர் போட்டது என்று கேட்டால், நான்தான் போட்டேன், எனக்குக் குளிர்ந்தது என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு காரணமும் சொல்லத் தேவையில்லை.