நர்ஸ் கல்வியும் எளியோரும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் நர்ஸ் ஆக விரும்பும் ஏழைக்குக் கைக்கெட்டும் வழி, கம்யூனிடி காலேஜ் என வழங்கும் சமுதாயக் கலாசாலைகளின் வழியேயாகும். பொதுப் பணத்தின் ஆதரவில் நடக்கும் இக்கலாசாலைகளில் படிப்புச் செலவு குறைவு, வீட்டிலிருந்தபடியே போய்வரலாம். இவ்வழியை அகலப்படுத்த வேண்டிய காலத்தில், அதைக் குறுக்கும் யோசனைகள் கற்றறிந்தோர் மத்தியிலேயே கிளம்பியிருப்பது நமக்கு விசனம் தருகிறது.

இரண்டாவது மகா யுத்தத்திற்கு முன், அந்நாட்டு நர்ஸுகளிற் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிகள் நடத்திய பள்ளிகளிலேயே மூன்று வருஷம் பயின்றனர். பயின்றனர் என்பதைவிட உழைத்தனர் என்பதே பொருந்தும். மாணவிகளின் உழைப்பைக் கொண்டு நோயாளிகளைப் பராமரித்துவந்த ஆஸ்பத்திரிகளுக்கு அவர்களுடைய கல்வி இரண்டாம் பட்சமே. யுத்தத்திற்குப் பின் நர்ஸ் பஞ்சம் முற்றியபோது, கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த மில்ட்ரெட் மான்டாக் அம்மையார், இரண்டு வருஷத்தில் நர்ஸுகளைத் தயாரிக்கும் திட்டமொன்றை 1951ல் வகுத்தார். அடுத்த ஆண்டே அது ஏழு கலாசாலைகளிலும் ஓர் ஆஸ்பத்திரியிலும் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பெற்றது. பழைய பள்ளிகள் ஏற்க மறுத்துவந்த விவாகமான பெண்களும், வயது முதிர்ந்தவர்களும், ஆடவரும் இங்கே இடம் பெற்றனர்.

இன்று அவ்வழி படிப்படியாக அமைந்துள்ளது. மத்திய சர்க்கார் விதித்த குறைந்தபட்சம் 75 மணி நேரப் பயிற்சி பெற்று உதவியாளராகலாம். ஏறக்குறைய ஒரு வருஷம் படித்துக் கீழ்நிலை நர்ஸாகலாம். இரண்டு வருஷம் படித்துப் பதிவு பெற்ற நர்ஸாகலாம். இரண்டு வருஷம் என்பது பேருக்குத்தான். உடற்கூறு, உடலியல், நுண்ணுயிரியல் முதலிய பாடங்களை முன்னதாக முடிக்க வேண்டியிருத்தலால், பகலில் வேலை பார்த்து மாலையில் படிக்கும் தாய்க்கு அது நாலைந்து வருஷமாகவும் நீளும். முடிவில் அவள் எழுதும் என்.சி.எல்.இ.எக்ஸ். என்னும் லைசென்ஸ் பரீட்சையும், நாலு வருஷம் படித்த பட்டதாரி எழுதும் பரீட்சையும் ஒன்றே. சட்டத்தின் கண்ணுக்கு இருவரும் சமம். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிகள் பல, பட்டதாரிக்கே முதலிடம் தருகின்றன.

பட்டம் வேண்டுமென்ற வாதம் புதிதன்று. அமெரிக்க நர்ஸுகள் சங்கம் 1965லேயே அதைக் கூறிற்று. வடக்கு டகோடா மாகாணம் 1987 முதல் பட்டத்தைக் கட்டாயமாக்கிப் பார்த்து, 2003ல் கைவிட்டது. அதே 2003ல், பட்டதாரி நர்ஸுகள் மிகுந்த ஆஸ்பத்திரிகளில் ரண சிகிச்சைக்குப் பின் நேரும் மரணம் குறைந்திருப்பதாக லிண்டா எய்கன் முதலியோர் பென்ஸில்வேனியாவில் செய்த ஆராய்ச்சி வெளிவந்தது. இதை அலட்சியம் செய்ய நாம் துணியோம். நோயாளியின் உயிரைவிட மாணவியின் சௌகரியம் பெரிதன்று. ஆயினும் பட்டம் நல்லதென்றால் அதை ஏழையின் ஊருக்குக் கொண்டுவருவதன்றோ முறை? நியூயார்க் மாகாணம் 2017ல் இயற்றிய சட்டம் ஓரளவு நியாயமானது: முதலில் லைசென்ஸ் பெற்று உத்தியோகத்தில் அமரலாம், பத்து வருஷத்திற்குள் பட்டம் பெற்றால் போதும். வாஷிங்டன், ப்ளோரிடா மாகாணங்களில் இத்தகைய கலாசாலைகள் பலவற்றுக்குத் தாமே பட்டமளிக்கும் அதிகாரமும் உண்டு. கலிபோர்னியாவிலும் சில கலாசாலைகளுக்கு அவ்வதிகாரத்தைப் பரீட்சார்த்தமாக வழங்க அம்மாகாணச் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை, 2024 செப்டம்பரில் கவர்னர் நிராகரித்துவிட்டார். சர்வகலாசாலைகளோடு கூட்டாக நடக்கும் ஏற்பாடுகளுக்கு அவகாசம் தரவேண்டுமென்பது சொல்லப்பட்ட காரணம். சர்வகலாசாலையே இல்லாத தூர ஜில்லாவில் வசிப்பவளுக்கு இக்காரணம் எப்படி விளங்குமோ, அறியோம்.

இத்தனைக்கும் விண்ணப்பிப்போருக்குப் பஞ்சமில்லை. தகுதியிருந்தும் இடமின்றித் திரும்புவோர் ஆண்டுதோறும் பல்லாயிரவர். சில கலாசாலைகளில் சீட்டுக் குலுக்கி இடம் கொடுத்ததுமுண்டு. உபாத்தியாயர்களும், ஆஸ்பத்திரிகளில் பயிற்சிக்கான இடங்களுமே குறைவு. கற்பிக்கத் தகுதி பெற்றவர் ஆஸ்பத்திரியில் அதிக சம்பளம் பெறக்கூடுமானால் கலாசாலைக்கு வருவாரா? அக்குறை தீராதவரை, பணக்கார நாடு பிலிப்பைன்ஸிலிருந்தும் நமது நாட்டிலிருந்தும் நர்ஸுகளைத் தருவித்துக்கொள்ளும். அவர்களைப் பயிற்றிய செலவு நம்முடையது. நம் கிராமத்து வைத்தியசாலையில் காலியாகும் இடமும் நம்முடையதே. ஆகையால் அமெரிக்க மாகாணங்கள் கலாசாலை உபாத்தியாயரின் ஊதியத்தை ஆஸ்பத்திரி ஊதியத்துக்குச் சமமாக உயர்த்த வேண்டுமென்றும், கலிபோர்னியா சட்டசபை அம்மசோதாவை மறுபடியும் கொண்டுவர வேண்டுமென்றும் வற்புறுத்துகிறோம்.